மெத்தை மாடியில் கொட்டாவி சார்

திருச்சியிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கொட்டாவி சார் தூங்க வைத்த ஆட்கள், எல்லா டாக்டர்களும் சேர்ந்து தூங்க வைத்த ஆட்களைவிட நிச்சயம் அதிகம். மாத்திரை கிடையாது, ஊசி கிடையாது, ஃபீஸ் கிடையாது. ஒரு மெத்தையும் அவர் குரலும் போதும். இத்தனைக்கும் அவர் ஒரு ஃபர்னிச்சர் ஷோரூமில் மெத்தை விற்பவர். விற்பவர் என்று நான் எழுதுவதுகூட ஒரு மரியாதைக்காகத்தான். அவர் விற்றது கொஞ்சம், தூங்க வைத்ததுதான் ஏராளம்.

பி.காம் முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை அந்தக் கடையின் பில்லிங் கவுண்டரில். எடமலைப்பட்டி புதூர் தாண்டி, மதுரை ரோட்டைப் பார்த்து நிற்கும் கண்ணாடிக் கட்டடம். தரைத்தளத்தில் சோபாக்கள், முதல் மாடியில் டைனிங் டேபிளும் பீரோவும், இரண்டாம் மாடியில் ஓரமாக டிரெஸ்ஸிங் டேபிளும் சுழல் நாற்காலியும் போக மீதி முழுக்கக் கட்டில், மெத்தை. அதற்கு மெத்தை மாடி என்று பெயர். அங்கே ஆட்சி செய்தவர்தான் கொட்டாவி சார். வீட்டில் அவருக்கு வேறு பெயர் வைத்திருப்பார்கள். கடையில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. முதலாளியே "நம்ம கொட்டாவிய மேல இருந்து கூப்பிடு" என்றுதான் சொல்வார். அவரும் கோபப்படாமல் இறங்கி வருவார்.

அவருடையது நீங்களும் நானும் விடுகிற கொட்டாவி இல்லை. முதலில் கண் பாதி மூடும். பிறகு, அவசரமே இல்லாமல் வாய் திறக்கும். தோள் இரண்டும் மேலே ஏறி ஒரு கணம் அங்கேயே தங்கும். கடைசியாக ஒரு நீண்ட மூச்சு, கோயில் யானை வெயிலில் நின்றபடி விடுவதுபோல, வெளியே வரும். பார்த்தவர்கள் யாராலும் தப்பிக்க முடியாது. இதை எழுதும்போதே எனக்கு இரண்டு தடவை வந்துவிட்டது.

அவரும் நானும் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரே பஸ்ஸில்தான் வேலைக்குப் போவோம். காவிரிப் பாலத்தில் பஸ் ஏறி, ஜன்னல் வழியாக ஆற்றுக் காற்று உள்ளே வந்தால் போதும், அவருக்கு ஒன்று வந்துவிடும். முன் சீட்டில் தொடங்கி அலையலையாகப் பின்னால் போகும். காலேஜ் பெண்கள், கூடைக்காரம்மா, டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர் என்று ஒருவர் விடாமல் வாயைத் திறந்து மூடுவார்கள். ஒருநாள் டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார். அடுத்த நாளிலிருந்து கண்டக்டர் அவரைக் கடைசி சீட்டுக்கு அனுப்பிவிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க சார், டிரைவருக்கு ஒட்டிக்குது" என்று பணிவாகச் சொன்னார். கொட்டாவி சார் தலையாட்டிவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தார். அதன்பிறகு பஸ் நின்றுகொண்டிருந்தாலும் முன்பக்கம் வரமாட்டார்.

கடையில் அவர் வியாபாரம் செய்யும் விதம் இப்படி இருக்கும். மெத்தை பார்க்க யாராவது மேலே வந்தால், விலை சொல்லமாட்டார், கேரண்டி சொல்லமாட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுப் படுக்கச் சொல்வார். தயங்கினால் அவரே தலையணையைத் தட்டி வைப்பார். ஃபேனை மெதுவாக வைத்துவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு, பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து காவிரியில் தண்ணீர் வருவதைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். மேட்டூரில் மதகைத் திறந்துவிட்டார்கள் என்பார். பவானியில் இன்னொரு ஆறு வந்து சேருகிறது என்பார். மாயனூர் கதவணைக்கு முன்னால் தண்ணீர் கொஞ்சம் நின்று யோசிக்கிறது என்பார். மணலில் கிடந்த நண்டு வளைக்குள் முதலில் நுரைதான் போகும், பின்னாடிதான் தண்ணீர் போகும் என்பார். அந்தக் குரலுக்கு ஏற்ற இறக்கமே கிடையாது. பெரும்பாலானவர்கள் மாயனூரிலேயே தூங்கிவிடுவார்கள். நெஞ்சுறுதி உள்ளவர்கள் குளித்தலைவரை தாக்குப்பிடிப்பார்கள். அந்தத் தண்ணீர் ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்ததை விழித்திருந்து கேட்டவர் எவருமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு அம்மா கவுண்டருக்கு வந்து, வீட்டுக்காரரைக் காணவில்லை என்று மூச்சிரைக்கச் சொன்னார். டைனிங் டேபிள் பார்க்கத்தான் இருவரும் வந்திருந்தார்கள். நான் மைக்கில் இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பிறகுதான் சந்தேகம் வந்து மேலே போனேன். மெத்தை மாடியில் வரிசையாகப் பலர் படுத்திருந்தார்கள். ஒரு போலீஸ்காரர் தொப்பியை வயிற்றில் வைத்துக்கொண்டு குறட்டை விட்டார். பக்கத்துக் கட்டிலில் ஒரு குடும்பமே, குழந்தை நடுவில், தூங்கியது. தேடப்பட்டவர் ஜன்னலோரம் கிடந்தார். எழுப்பப் போன அந்த அம்மாவிடம் கொட்டாவி சார் உதட்டில் விரல் வைத்துக் காட்டி, காலியாக இருந்த பக்கத்தைக் கைகாட்டினார். கடை சாத்தும்போது இருவரும் முகம் கழுவிக்கொண்டு, டேபிள் வாங்காமலே, சந்தோஷமாகப் போனார்கள்.

அப்போதே ஃபர்னிச்சர் வியாபாரம் ஒரு தினுசாகத்தான் இருந்தது. தேக்கு என்றால் ஜனங்களுக்கு ஆசை, விலையைக் கேட்டால் மலேசியா மரம் போதும் என்பார்கள். அதற்கும் மேலே, மரத்தூளை ஒட்டிப் பலகையாக்கி, மேலே மரம் மாதிரியே படம் ஒட்டிய பீரோக்கள் வந்தன. பார்க்க லட்சணமாக இருக்கும், வீடு கழுவுகிற தண்ணீர் பட்டால் கால் வீங்கும். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கடைக்கு வந்து சோபாவில் உட்கார்ந்து, குழந்தையைக் குதிக்கவிட்டுப் பார்த்து, போனில் படம் பிடித்துக்கொண்டு போய், அதே சோபாவைப் போனிலேயே வாங்குகிற கூட்டம் வர ஆரம்பித்தது. சிலர் நம் சோபாவில் உட்கார்ந்தபடியே வாங்கினார்கள். முதலாளி அதைக் கண்ணாடி அறைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் கண்ணுக்குக் கீழே கருவளையம் வந்தது அந்த வருஷத்தில்தான்.

அந்தக் கவலையில்தான் அவர் சென்னையிலிருந்து ஒரு மேனேஜரைக் கொண்டுவந்தார். நல்ல பையன். வெள்ளைச் சட்டை, கையில் டேப்லெட். உள்ளே வருகிறவர்களில் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்பதற்கு அவர் ஊரில் கன்வர்ஷன் என்று பெயர். மூச்சுக்கு மூச்சு அதைத்தான் கேட்பார். வந்த வாரமே மெத்தை மாடியின் கன்வர்ஷனைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் எல்லா மெத்தைக்கும் கனமான பிளாஸ்டிக் உறை வந்தது. படுத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம் வரும். யாராலும் தூங்க முடியாது. கொட்டாவி சார் சாயங்காலத்துக்குள் ஒவ்வொன்றாகக் கழற்றி மடித்து வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, மெத்தைக்கு வேர்க்கிறது என்றார்.

மேனேஜர் கடைசியாக ஒரு கெடு வைத்தார். ஆடித் தள்ளுபடி நேரம். ஆவணிக் கல்யாணங்களுக்கு எல்லோரும் ஆடியிலேயே சாமான் எடுத்துவிடுவார்கள். அந்த மாதம் மெத்தை மாடியில் வியாபாரம் ஏறவில்லையென்றால் கொட்டாவி சார் வேறு வேலை பார்த்துக்கொள்ள வேண்டியதுதான் என்று முதலாளியிடம் சொல்ல, முதலாளியும் சரியென்றுவிட்டார். மறுநாள் காலை பஸ்ஸில் கடைசி சீட்டுக்கே போய் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சநாளைக்கு ஆற்றைப் பற்றிப் பேசாமல் இருங்கள், ஸ்பிரிங், ஃபோம் என்று ஏதாவது பேசுங்கள் என்று கெஞ்சினேன். அவர் பாலத்துக்குக் கீழே ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு அதெல்லாம் வராதேம்மா" என்றார்.

இரண்டு வாரம் கழித்துதான் அந்தக் கல்யாணப் பார்ட்டி வந்தது. பெண் வீட்டார் முசிறி, வாழைத்தோப்புக்காரர்கள். மாப்பிள்ளை வீட்டார் சமயபுரம், கோயில் பக்கத்தில் பூஜை சாமான் கடை வைத்திருப்பவர்கள். இரண்டு வேன் நிறைய ஆட்கள். கட்டில், மெத்தை, பீரோ, டைனிங் டேபிள், சோபா என்று முழுச் சீர்வரிசையும் நம் கடையில்தான் என்றதும் மேனேஜர் வாசலுக்கே ஓடிப்போய் வரவேற்றார். சோபாவும் டேபிளும் பீரோவும் சுமுகமாகவே முடிந்தன. நான் பில்லில் ஏற்றிவிட்டேன். கட்டிலில்தான் வந்தது வினை.

பெண்ணின் அப்பா தேர்ந்தெடுத்த கட்டிலை மாப்பிள்ளையின் அப்பா விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "என்னங்க இது, அட்டைப்பெட்டி மாதிரி சத்தம் வருது" என்றார். முசிறிக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. உங்கள் கடைக் குங்குமத்தில் எவ்வளவு செங்கல்பொடி இருக்கிறது என்று நான் தட்டிப் பார்த்தேனா என்று கேட்டார். அவ்வளவுதான். நிச்சயத்தன்று சாம்பார் தீர்ந்துபோனது வந்தது, அழைப்பிதழில் சித்தப்பா பெயர் விட்டுப்போனது வந்தது. பெண்கள் ஒரு பக்கம் அழ, சத்தம் தரைத்தளம்வரை கேட்டது. நான் படியேறிப் போனபோது மாப்பிள்ளையின் அப்பா, இந்தச் சம்பந்தம் வேண்டுமா என்று வீட்டில் போய் யோசிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் டிரெஸ்ஸிங் டேபிள் வரிசைக்குப் பக்கத்தில் நின்றார்கள். எல்லாக் கண்ணாடிகளிலும் அந்தப் பெண்ணின் முகம் தெரிந்தது. மேனேஜர் டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உறைந்து நின்றார்.

அப்போது கொட்டாவி சார் ஒரு பெரிய கட்டிலின் மேல் இருந்த விரிப்பை நீவிவிட்டபடி பேசினார்.

"சண்டையை நின்னுக்கிட்டேதான் போடணும்னு இல்லீங்க. படுத்துக்கிட்டும் போடலாம். ரெண்டு பேருக்கும் கால் வலிக்கும்ல."

இப்படி ஒரு யோசனையை எதிர்பார்க்காத இருவரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அந்த நேரம் பார்த்து ஒரு கொட்டாவி விட்டார். வேண்டுமென்று விட்டாரா, தானாக வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முதலில் சமயபுரத்துக்காரர் வாயைத் திறந்தார், பிறகு முசிறிக்காரர், பிறகு அழுதுகொண்டிருந்த அம்மாக்கள். காலையிலிருந்து அலைந்த அலுப்பு. ஒருவர் கட்டிலின் இந்தப் பக்கம் உட்கார, விட்டுக்கொடுக்க மனமில்லாமல் மற்றவர் அந்தப் பக்கம் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர்கள் சாய்ந்தார்கள். சாய்ந்தும் சண்டையை விடவில்லை. மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் தேக்கைப் பற்றி வாதாடினார்கள். கொட்டாவி சார் ஸ்டூலை இழுத்துப்போட்டுக்கொண்டு, மேட்டூரில் இன்று காலை தண்ணீர் திறந்துவிட்டார்களாம் என்று ஆரம்பித்தார்.

பவானி தாண்டுவதற்குள் சமயபுரத்துக்காரர் தூங்கிப்போய்விட்டார். முசிறிக்காரர் கெட்டி. குளித்தலைக்கு எதிர்க்கரையில் வாழைத்தோப்பு ஓரமாகத் தண்ணீர் வருகிறது என்று சொன்னதும் கண்ணை மூடியபடியே, "அது எங்க ஊரு" என்றார். ஆமாங்க, உங்கள் ஊர்தான், இலையெல்லாம் அசைகிறது என்றார் கொட்டாவி சார். அதற்குப் பதில் வரவில்லை.

மாடி முழுக்க ஒரு அமைதி வந்தது. ஜன்னல் வழியாக மத்தியான வெயில் மெத்தைகள்மேல் சாய்வாக விழுந்தது. பஸ் ஹாரன்கூட எங்கோ தூரத்தில், தண்ணீருக்கு அடியில் கேட்பதுபோல இருந்தது. அம்மாக்கள் இருவரும் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துவிட்டார்கள். வேன்களில் வந்த மற்றவர்களும் கிடைத்த மெத்தைகளில் சாய்ந்திருக்க, விழித்திருந்தது பெண்ணும் மாப்பிள்ளையும்தான். அதுவரை அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கொட்டாவி சார்தான் மெல்லிய குரலில், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

அந்தப் பெண் மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள். "பெங்களூர்ல நாங்க பாத்திருக்க வீட்டு லிஃப்ட்ல இந்தக் கட்டிலே ஏறாது சார். ரெண்டு பேரும் வீட்லேருந்துதான் வேலை. முதுகு வலிக்காம உக்கார ரெண்டு நல்ல சேரும், ஒரு மெத்தையும் இருந்தாப் போதும்."

மாப்பிள்ளையும் மெதுவாகத் தலையாட்டினான். இதையேதான் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு மாதமாகத் தவித்துக்கொண்டிருந்தானாம். இருவரும் ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து, சுழன்று பார்த்து, சத்தம் வராமல் சிரித்துக்கொண்டார்கள்.

அப்பாக்கள் எழுந்தபோது வெயில் இறங்கியிருந்தது. சமயபுரத்துக்காரரின் கை முசிறிக்காரரின் நெஞ்சின்மேல் கிடந்தது. அதை அவசரமாக எடுத்துக்கொண்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "நல்லாத் தூங்குனீங்களா சம்பந்தி" என்று கேட்டார். அன்றைக்கு அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அப்போதுதான் முதல் தடவை. பிள்ளைகள் கேட்டதைச் சொன்னதும் இரண்டு பேருமே மறுக்கவில்லை. தூங்கி எழுந்த ஆளிடம் எதைக் கேட்டாலும் கிடைக்கும் என்பதை நான் அன்றுதான் கண்டேன். இரண்டு வேன்களும் கலகலவென்று பேசிக்கொண்டே கிளம்பின.

நான் சோபாவையும் டேபிளையும் பீரோவையும் பில்லிலிருந்து எடுத்தேன். மிஞ்சியது ஒரு மெத்தையும் இரண்டு நாற்காலியும். மேனேஜர் அந்தப் பில்லை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பாவம், அவருக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. அழுகைக்குப் பதிலாகக் கொட்டாவிதான் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனார்.

மறுநாள் காலையில் முதலாளியே மெத்தை மாடிக்கு ஏறினார். வேலையிலிருந்து நிறுத்துகிற விஷயத்தைத் தன் வாயால்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறார். நல்ல மனுஷர். நான் கீழே கவுண்டரில் உட்கார்ந்து படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. இறங்கி வரவில்லை. சாப்பாட்டு நேரமும் தாண்டியது. பொறுக்காமல் நானும் மேனேஜரும் மேலே போனோம். கண்ணாடி அறையில் ஒரு வருஷமாக விழித்துக்கொண்டிருந்த மனிதர், செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரம் வைத்துவிட்டு, ஒரு கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்துப் பள்ளிக்கூடப் பையன் மாதிரி தூங்கிக்கொண்டிருந்தார். கொட்டாவி சார் எங்களைப் பார்த்து, "குளித்தலையும் தாண்டி முக்கொம்பு வரைக்கும் வந்துட்டாரும்மா. ரொம்பக் கஷ்டத்துல இருக்காரு" என்று ரகசியமாகச் சொன்னார். மேனேஜர் போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

ஆனால் தூக்கத்தால் வியாபாரத்தைத் தாங்கிப் பிடிக்க முடியவில்லை. முதலாளி எழுந்து வந்தபோது முகம் தெளிந்திருந்தது, முடிவும் தெளிந்திருந்தது. மெத்தை மாடியை மூடப்போகிறோம் என்றார். இனி மெத்தைகள் சுருட்டிப் பெட்டியில் அடைத்து வரும், ஜனங்கள் போனில் கேட்பார்கள், நாம் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் போதும், மாடி முழுக்க குடோன். கொட்டாவி சாரை நிறுத்தவில்லை. டெலிவரி வேனில் போகச் சொன்னார். அந்த வாரத்தில் ஒருநாள் கட்டில்களைக் கழற்றி இறக்கினார்கள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்று முழுக்க அவருக்கு ஒரு கொட்டாவிகூட வரவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நானும் சில மாதங்களில் அந்த வேலையை விட்டு, எழுதிப் பிழைக்க வந்துவிட்டேன். மேனேஜர் கோயம்புத்தூரில் ஒரு பெரிய கம்பெனிக்குப் போனார். கொட்டாவி சாரைப் பற்றிய செய்திகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. பெட்டியில் வரும் மெத்தையைப் பிரித்தால் உடனே படுக்க முடியாது. காற்றை இழுத்து முழுசாக விரிய மணிக்கணக்கில் ஆகும். மற்ற டெலிவரிக்காரர்கள் பெட்டியை வாசலில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இவர் உள்ளே கொண்டுபோய், உறையை வெட்டி, மெத்தை எழுந்து நிமிரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பாராம். பாதி விரிந்ததை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று கேட்பாராம். வேன் டிரைவர் தலையிலடித்துக்கொண்டார். ஆனால் கடைக்குப் போன் செய்கிறவர்கள், மெத்தை எதுவானாலும் பரவாயில்லை, அந்த சாரையே அனுப்புங்கள் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். தனியாக இருக்கிற பெரியவர்கள் வீடுகளில் தலையணை உறைக்குக்கூட ஆர்டர் வந்ததாகக் கேள்வி.

போன மாதம் நானும் போன் செய்து ஒரு மெத்தை கேட்டேன். கொட்டாவி சார் ஸ்ரீரங்கத்து எங்கள் ஃபிளாட்டுக்குப் பெட்டியோடு வந்தார். முடி முழுசாக நரைத்திருந்தது. லிஃப்டிலிருந்து இறங்கி என்னைப் பார்த்ததும், "நீயாம்மா" என்று மட்டும் சொன்னார். உறையை வெட்டியதும் மெத்தை ஒரு பெருமூச்சு விட்டு, ஓரம் ஓரமாக எழும்ப ஆரம்பித்தது. நான் காபி போட்டேன். முழங்கால் வலியைப் பற்றிச் சொன்னார். முதலாளி இப்போது நன்றாகத் தூங்குகிறார் என்றார். அந்த முசிறிப் பெண்ணுக்கு இரண்டு குழந்தைகளாம், நாற்காலிகள் இன்னும் கிரீச்சிடவில்லையாம். பேசிக்கொண்டே எழுந்து, பழைய மெத்தையை எடுத்துப்போட உதவுவதற்காக உள்ளறைக்குப் போனார். கட்டிலில் இருந்த மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"இது புதுசாட்டம் நல்லாத்தானே இருக்கு. எதுக்கும்மா இன்னொண்ணு?"

"விருந்தாளி வந்தா வேணும்ல சார்" என்றேன்.

அவர் சரியென்று தலையாட்டிவிட்டு மறுபடியும் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். மெத்தை விரிய சாயங்காலம் ஆகிவிட்டது. எங்கள் வீட்டுக்கு விருந்தாளி என்று யாரும் வருவதில்லை. அன்று ஒருவர் வந்திருந்தார்.